பால் கணக்கில் எழுதப்படாத கன்றுகள்

ஒரே கொட்டகை. ஒரே புல், ஒரே தவிடு, ஒரே தண்ணீர்த் தொட்டி. கறப்பவரும் ஒருவரே. ஆனால் ஒரு மாடு வாளி நிறையக் கறக்கிறது. பக்கத்தில் கட்டியிருக்கும் மாடு அரை வாளியோடு நிறுத்திக்கொள்கிறது. தோட்டப்புறத்தில் மாடு வளர்த்த பெரியவர் யாரைக் கேட்டாலும், "அதோட தாயும் அப்படித்தான்" என்று பதில் சொல்வார். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது நம் பழமொழி. அதை மாட்டுக்கும் பொருத்திப் பார்த்தவர்கள் நம் முன்னோர்.

அவர்கள் சொன்னது சரிதான். எவ்வளவு சரி என்பதற்கு அறிவியல் ஓர் எண்ணைத் தருகிறது. ஒரு மந்தையில் மாட்டுக்கு மாடு பாலின் அளவு வேறுபடுகிறதல்லவா? அந்த வேறுபாட்டில் சுமார் 25 முதல் 35 விழுக்காடு, பெற்றோரிடமிருந்து கன்றுக்கு வந்த மரபணுக்களால் ஏற்படுகிறது. மீதியைத் தீவனம், வெப்பம், நோய், எத்தனையாவது ஈற்று, வளர்ப்பவரின் கவனம் ஆகியவை தீர்மானிக்கின்றன.

முப்பது விழுக்காடு என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால் தீவனத்தால் கூடிய பால், தீவனத்தை நிறுத்தினால் குறைந்துவிடும். மரபணுவால் கூடிய பால் மகளுக்கும் பேத்திக்கும் போய்ச் சேரும். அதனால்தான் உலகின் பால்பண்ணைத் துறை கடந்த முக்கால் நூற்றாண்டாக அந்த முப்பது விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் பாலும் பெருகியது. யார் கண்ணிலும் படாமல் ஒரு பெரிய இழப்பும் நடந்தது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

இரண்டு எழுத்து மாறினால்

மாட்டின் உயிரணு ஒவ்வொன்றிலும் 30 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 22,000 மரபணுக்கள். ஒரு பசுவின் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டு 2009இல் வெளியிடப்பட்டது. அந்தப் பசு இறைச்சிக்காக வளர்க்கப்படும் ஹியர்ஃபோர்ட் இனத்தைச் சேர்ந்தது என்பது ஒரு சுவையான செய்தி.

பால் என்பது ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்களிக்கின்றன. ஒன்று மடியின் வளர்ச்சியைத் தூண்டும், ஒன்று பசியைக் கூட்டும், இன்னொன்று பாலில் சேரும் கொழுப்பைத் தீர்மானிக்கும். பெரும்பாலானவற்றின் பங்கு மிகச் சிறியது. சில மட்டும் விதிவிலக்கு.

அந்த விதிவிலக்குகளில் புகழ்பெற்றது, 14ஆவது குரோமோசோமில் இருக்கும் டிஜிஏடி1 என்ற மரபணு. பாலில் கொழுப்பு உருவாவதன் கடைசிக் கட்டத்தை நடத்திவைக்கும் நொதியை உண்டாக்குவது இதன் பணி. இந்த மரபணுவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகள் மாட்டுக்கு மாடு வேறுபடுகின்றன. அதனால் நொதியின் 232ஆவது இடத்தில் சில மாடுகளுக்கு லைசின் என்ற அமினோ அமிலமும் சில மாடுகளுக்கு அலனினும் அமைகின்றன. 2002இல் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். லைசின் வடிவம் உள்ள மாட்டின் பாலில் கொழுப்பு அதிகம், ஆனால் பாலின் அளவு குறைவு. அலனின் வடிவத்தில் பால் அதிகம், கொழுப்பு விழுக்காடு குறைவு.

இவற்றில் எது நல்ல வடிவம்? இந்தக் கேள்விக்கு மாட்டிடம் பதில் இல்லை. பாலை லிட்டர் கணக்கில் விற்கும் பண்ணையாளருக்கு அலனின் வடிவம் நல்லது. வெண்ணெய் எடுப்பவருக்கு லைசின் வடிவம் நல்லது. நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுப் பாலில் பெரும்பகுதி பால்மாவாகவும் வெண்ணெயாகவும் கப்பலேறுகிறது. பாலில் இருக்கும் தண்ணீரைச் சுமப்பதும் வற்ற வைப்பதும் அவர்களுக்கு வீண் செலவு. ஆகவே அங்கு மாடுகளுக்குத் தரும் இனப்பெருக்க மதிப்பெண்ணில் கொழுப்பும் புரதமும் கூடினால் மதிப்பு ஏறும். வெறும் பால் அளவு கூடினால் மதிப்பு இறங்கும்! ஒரே மரபணு வேறுபாடு ஒரு நாட்டில் லாபம், இன்னொரு நாட்டில் நட்டம்.

மரபணுவை நல்லது, கெட்டது என்று பிரிப்பது நாம் எழுதும் கணக்குதான். கணக்கில் எதை எழுதுகிறோம் என்பது முக்கியம். எதை எழுதாமல் விடுகிறோம் என்பது அதைவிட முக்கியம்.

பால் கறக்காத தந்தை

கன்றின் மரபணுவில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. தாயின் பாலை அளந்துவிடலாம். பாலே கறக்காத காளையின் "பால் திறமையை" எப்படி அளப்பது?

அதன் மகள்களைப் பார்த்துத்தான். இளங்காளையின் விந்தைப் பல பண்ணைகளில் செலுத்தி, கிடேரிக் கன்றுகள் பிறந்து, அவை வளர்ந்து, சினையாகி, ஈன்று, பால் கறக்கத் தொடங்கிய பிறகுதான் தந்தை தேறியதா இல்லையா என்று தெரியும். இதற்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆகும். தேறிய காளைக்குக் கிடைக்கும் பரிசோ மிகப் பெரிது. செயற்கைக் கருவூட்டல் முறையில், உறைய வைத்த விந்து வழியாக ஒரே காளை பல்லாயிரம் கன்றுகளுக்குத் தந்தையாகலாம்.

இந்த முறையும் மேம்பட்ட தீவனமும் சேர்ந்து செய்த மாற்றம் வியப்பூட்டும். 1944இல் அமெரிக்கப் பசு ஆண்டுக்குச் சராசரியாக 2,000 கிலோவுக்குச் சற்று அதிகமாகப் பால் தந்தது. 2007இல் அது 9,000 கிலோவைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் கறவை மாடுகளின் எண்ணிக்கை 2 கோடியே 56 லட்சத்திலிருந்து 92 லட்சமாகக் குறைந்தது. குறைந்த மாடுகள், கூடுதல் பால்.

இந்த வரலாற்றின் நாயகர்களில் ஒன்று, பாவ்னி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹால்ஸ்டீன் காளை. 1962இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தது. சுருக்கமாகச் சீஃப். அதன் மகள்கள் பாலைக் கொட்டினார்கள். அதனால் அதன் விந்துக்கு எங்கும் தேவை எழுந்தது. சீஃபுக்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்ளுப் பேத்திகள் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்க ஹால்ஸ்டீன் மாடுகளின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 14 விழுக்காடு இந்த ஒரே காளையிடமிருந்து வந்தது.

பிறக்காத கன்றுகளைக் கண்டுபிடித்தவர்கள்

சீஃப் தன் பிள்ளைகளுக்குப் பாலோடு இன்னொன்றையும் கொடுத்தது. அது யாருக்கும் தெரியவில்லை.

ஏபிஏஎஃப்1 என்ற மரபணு, கரு வளரும்போது தேவையில்லாத உயிரணுக்களை முறையாக அகற்ற உதவுகிறது. சீஃபிடம் இருந்த இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானது. ஒரு பிரதி நன்றாக இருந்தால் போதும், மாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆகவே சீஃப் கம்பீரமாக வளர்ந்தது. அதன் பிள்ளைகளில் பாதிக்கு அந்தப் பழுதுப் பிரதி போனது. அவையும் நன்றாகவே இருந்தன.

சிக்கல் சில தலைமுறைகள் கழித்து வந்தது. சீஃப் எல்லாருக்கும் பிடித்த காளை என்பதால், தாய்வழியிலும் சீஃப், தந்தைவழியிலும் சீஃப் என்ற நிலை உருவானது. தாய், தந்தை இருவரிடமும் பழுதுப் பிரதி இருந்தால், நான்கில் ஒரு கருவுக்கு இரண்டு பிரதிகளுமே பழுதாக அமையும். அந்தக் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும்.

பண்ணையாளருக்கு என்ன தெரியும்? மாடு சினை பிடிக்கவில்லை, அல்லது கரு கலைந்துவிட்டது. அவ்வளவுதான். தீவனத்தை மாற்றுவார், மருத்துவரை அழைப்பார், மீண்டும் கருவூட்டுவார். பால் புத்தகத்தில் பாலுக்குத்தான் பத்தி இருந்தது. பிறக்காத கன்றுக்குப் பத்தி இல்லை.

2011இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் பால் வான்ரேடனும் (பெயரிலேயே பால் இருக்கிறது, கவனித்தீர்களா?) அவருடைய குழுவினரும் பல்லாயிரம் மாடுகளின் மரபணுத் தரவைக் கணினியில் அலசினார்கள். அவர்கள் தேடிய விதம் நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது. இரண்டு காசுகளைச் சுண்டினால் நான்கில் ஒரு முறை இரண்டும் தலையாக விழ வேண்டும். ஆயிரம் முறை சுண்டியும் ஒருமுறைகூட இரண்டும் தலையாக விழவில்லை என்றால் நமக்குச் சந்தேகம் வராதா? அதேபோல, குரோமோசோமின் சில பகுதிகள் மாடுகளிடம் ஒற்றைப் பிரதியாகப் பரவலாக இருந்தன. ஆனால் இரட்டைப் பிரதியாக ஓர் உயிருள்ள மாட்டிடம்கூட இல்லை. கணக்குப்படி இருந்திருக்க வேண்டிய மாடுகள் எங்கே? அவை பிறக்கவே இல்லை.

இருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிது. இல்லாததை எண்ணிக் கண்டுபிடித்த அறிவியல் இது. அப்பகுதிகளில் ஒன்று சீஃபிடம் போய் முடிந்தது. 2016இல் வெளிவந்த ஆய்வு, ஏபிஏஎஃப்1 மரபணுவில் உள்ள பழுதை அடையாளம் காட்டியது. அந்த ஒரே எழுத்துப் பிழையால் உலகம் முழுவதும் சுமார் 5 லட்சத்து 25 ஆயிரம் கருக்கள் கலைந்திருக்கும் என்றும், இழப்பு 42 கோடி அமெரிக்க டாலர் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

இதைப் படித்ததும் சீஃப் மீது கோபம் வரலாம். கொஞ்சம் பொறுங்கள். அதே காளையின் மரபணுக்களால் கூடிய பாலின் மதிப்பு 35 ஆண்டுகளில் 3,000 கோடி டாலர் என்றும் அவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். பழுதான மரபணுப் பிரதி இல்லாத உயிரே கிடையாது. உங்களிடமும் என்னிடமும்கூட சில இருக்கின்றன. தவறு அந்தக் காளையிடம் இல்லை. ஒரே காளையை எல்லாக் குடும்பத்துக்கும் மாப்பிள்ளையாக்கியதுதான் ஆபத்தானது. இன்று ஓர் எளிய மரபணுச் சோதனையில் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். அதைச் சுமக்கும் இரண்டை இணை சேர்க்காமல் இருந்தால் போதும்.

கேள்வியை மாற்றியபோது

எழுதாத கணக்கு இன்னொன்றும் உண்டு. பாலுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில், ஹால்ஸ்டீன் பசுக்களின் சினைபிடிக்கும் திறன் 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை சரிந்துகொண்டே போனது. உண்ட தீவனத்தையும் உடலில் சேர்ந்த கொழுப்பையும் பாலில் கொட்டும் பசுவுக்கு, அடுத்த கன்றைச் சுமக்க வலு குறைகிறது. சினைபிடிக்கும் திறனில் மரபணுவின் பங்கு வெறும் 4 விழுக்காட்டு அளவே என்பதால், அதைத் தேர்வில் சேர்த்துப் பயனில்லை என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. 2003இல் அமெரிக்கா அதையும் காளைகளின் அதிகாரபூர்வ மதிப்பீட்டில் சேர்த்தது. சரிவு நின்றது. பிறகு மெல்ல ஏறவும் தொடங்கியது.

நான்கு விழுக்காடுகூட, எழுதி வைத்தால் பயன் தரும். எழுதாவிட்டால் முப்பது விழுக்காடு அதை மிதித்துக்கொண்டு போய்விடும்.

இப்போது ஓட்டத்தின் வேகம் இன்னும் கூடிவிட்டது. 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். எந்த மரபணு என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். குரோமோசோம்கள் முழுவதும் பரவியிருக்கும் ஆயிரக்கணக்கான வேறுபாடுகளை ஒரே நேரத்தில் படித்து, மொத்தமாகக் கணக்கிட்டால் போதும். அப்போது அதற்கான கருவி மலிவாகக் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட இடங்களை ஒரே சோதனையில் படிக்கும் சில்லு வந்தது. 2009 ஜனவரியில் அமெரிக்கா இந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. கன்று பிறந்ததும் காதிலிருந்து துளித் திசு எடுத்தால், அதன் மகள்கள் எப்படிக் கறப்பார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

வேகம் கூடினால் நன்மையும் விரைவில் பரவும். சீஃபின் பழுது போன்றவையும் விரைவில் பரவும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, வட அமெரிக்காவில் செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படும் ஹால்ஸ்டீன் காளைகளில் ஏறத்தாழ எல்லாமே, தந்தை மகன் வழியாக இரண்டே காளைகளில் போய் முடிகின்றன என்று காட்டியது. ஒன்று சீஃப். மற்றொன்று எலிவேஷன். இலட்சக்கணக்கான மாடுகள் இருந்தும் வேறுபாடு சுருங்கிவிட்டது. வேறுபாடு இல்லாத இடத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது.

நம் வெயிலில் நிற்கும் மாடு

இதெல்லாம் அமெரிக்காக் கதை, நமக்கென்ன என்று நினைக்கலாம். நம் கடையில் விற்கும் பால்மாவில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பாலில் ஆனது. உள்நாட்டிலும் பால் பண்ணைகளை வளர்க்க நாம் நெடுநாளாக முயன்று வருகிறோம். அந்த முயற்சியில் மரபணு வேறுபாடு நேராக நம் எதிரில் வந்து நிற்கிறது.

ஹால்ஸ்டீன் குளிர்நாட்டு மாடு. வெப்பம் 25 பாகையைத் தாண்டினாலே அதற்குச் சிரமம் தொடங்கும். நம் ஊரில் நண்பகல் வெப்பம் 32 பாகையைத் தொடுவது அன்றாட நிகழ்ச்சி, ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். மூச்சிரைக்கும் மாடு தீவனத்தைக் குறைக்கும், பாலும் குறையும். இதற்கு விடையாகத்தான் ஃபிரீசியனையும், பஞ்சாப் மண்ணின் சாஹிவால் மாட்டையும் கலந்த மாடுகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் இங்கு தருவிக்கப்பட்டன. அவற்றின் வழியில் ஜொகூர் குளுவாங்கில் உருவானது "மாஃப்ரிவால்". ஒரு பக்கம் பால், மறு பக்கம் வெயிலையும் உண்ணியையும் தாங்கும் வலு. அதற்கும் முன்பே, தமிழகத்திலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் வளர்த்த மாடுகளின் வழிவந்தவை "உள்ளூர் இந்தியக் கறவை மாடுகள்" என்ற பெயரில் இங்கு ஓர் இனமாகவே அறியப்பட்டிருக்கின்றன. அவை கறந்தது கொஞ்சம். ஆனால் இந்த வெயிலில் நின்று கறந்தன.

வெயிலுக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பை ஒரே ஹார்மோன் வழியாகக் காட்டும் கண்டுபிடிப்பு ஒன்று 2014இல் வந்தது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் முடி வளர்ச்சியிலும் பங்கு கொள்கிறது. நியூசிலாந்தில் சில மாடுகளுக்கு இந்த ஹார்மோனின் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டு, உடம்பெல்லாம் அடர்ந்த முடி, வெப்பம் தாங்கவில்லை, பாலும் சுரக்கவில்லை. கரீபியத் தீவு ஒன்றில் தோன்றிய செனபோல் இன மாடுகளிலோ, அந்த ஹார்மோனை ஏற்கும் புரதத்தின் மரபணுவில் ஒரே எழுத்து விடுபட்டிருக்கிறது. அவற்றுக்குக் குட்டையான, வழுவழுப்பான முடி. வெப்பத்தை நன்றாகத் தாங்குகின்றன. இந்த வடிவத்தை ஹால்ஸ்டீனில் சேர்த்துப் பார்த்தபோது, கோடையில் அவற்றின் உடல் வெப்பம் குறைவாக ஏறியது. பாலும் மற்ற ஹால்ஸ்டீன்களைவிடக் குறைவாகவே சரிந்தது.

அப்படியானால் அந்த விந்தை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. குளிர்நாட்டில் முதலிடம் பெற்ற காளையின் மகள்கள் நம் கொட்டகையிலும் முதலிடம் பெறுவார்கள் என்பதற்கு உறுதியில்லை. சில்லு படிப்பது எழுத்துகளை மட்டுமே. எந்த எழுத்து எவ்வளவு பால் என்று அதற்குக் கற்றுக்கொடுப்பவை, பல்லாயிரம் பசுக்களின் பால் புத்தகங்கள். அந்தப் புத்தகங்கள் விஸ்கான்சினில் எழுதப்பட்டவை என்றால், கிடைக்கும் விடையும் விஸ்கான்சினுக்கு உரியதே. நம் கலப்பின மாடுகளுக்கு நம் வெயிலில் எழுதிய புத்தகம் வேண்டும். இன்று எத்தனை லிட்டர், எப்போது சினை பிடித்தது, எது கலைந்தது, எது எத்தனை ஈற்று வரை நிலைத்தது என்று நாள்தோறும் எழுத வேண்டும். சில்லை விலைக்கு வாங்கலாம். இந்தக் குறிப்பை வாங்க முடியாது.

தம்பி தங்கைகளே, படிவம் 5 உயிரியலில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படிக்கும்போது, இது தேர்வுக்கு மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். மெண்டலும் அடிப்படையில் எண்ணி எழுதியவர்தான். வான்ரேடன் குழுவினர் பயன்படுத்தியதும் அதே நான்கில் ஒன்று என்ற கணக்குத்தான். கால்நடை மருத்துவம் மட்டுமல்ல, புள்ளியியல், கணினி அறிவியல் படிப்பவர்களுக்கும் இத்துறையில் இடம் இருக்கிறது. மாடு வளர்க்கும் குடும்பத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல் தகுதி. அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் தலைக்குள் எந்த மாடு எதனுடைய மகள், எது வெயிலில் சோர்ந்தது, எது ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் ஈன்றது என்ற கணக்கு இன்னும் இருக்கிறது. யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து, பாலோடு சேர்த்து அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.